அளக்காத கல்

பெர்ச் கிரீக் ஊரின் பனிக்கொட்டகைக்கு லெஸ்யாதான் எல்லாம். ஒரு பாதியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும். மறுபாதியில் பெரியவர்கள் பனியில் வரைந்த வளையத்தை நோக்கிக் கனத்த கற்களைச் சறுக்கிவிட்டு கர்லிங் ஆடுவார்கள்; நடுவுக்கு மிக நெருங்கி நிற்கும் கல்லுக்கே புள்ளி. குளிர்காலம் தொடங்கியதும் தண்ணீர் விட்டு உறைய வைப்பதும், ஆட்டத்துக்கு முன் துளித்துளியாகத் தெளித்துப் பனியைச் சொரசொரப்பாக்குவதும் அவள் வேலை. கல்யாணமாகி வந்த வருஷமே அதைக் கணவன் ஓசிப்பிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க தெளிச்சா கல்லு கோணிக்கிட்டுப் போகுது" என்று சொல்லியே பிடுங்கினாள்.

அந்த ஓசிப் போன மாதம் கடைசிச் சுற்றின் கடைசிக் கல்லை விட்ட கையோடு பனியிலேயே விழுந்து செத்தான். இரு அணியின் துணைத்தலைவர்களும் புள்ளியை ஒப்புக்கொள்ளும்வரை யாரும் கல்லைத் தொடக் கூடாது. அன்று அந்த நினைப்பு யாருக்கு வரும்? அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் எவனோ கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. தினமும் காலையில் பூட்டைத் திறந்தால், கற்கள் அன்று நின்றபடியே வளையத்துக்குள் நின்றன. பனியில் ஒரு காலடி கிடையாது. எடுத்து வைத்தாலும் மறுபடி வந்தன. ஊரில் ஒருவரும் கொட்டகைப் பக்கம் தலைகாட்டவில்லை.

எதிரணியின் துணைத்தலைவர் டோர்வால்ட் ஒருநாள் வந்தார். ஓசிப்பின் அணிக்குத் துணைத்தலைவி லெஸ்யாவேதான்.

"நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அவன் நிம்மதியாப் போயிருவான், லெஸ்யா. நடுவுக்குப் பக்கத்துல இருக்கிறது உங்க கல்லுதாம்மா."

போய்விடுவான். லெஸ்யா அவருக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாதுண்ணே. அளக்கணும்."

"இத்தனை காலம் ஆடுன எனக்கே கண்ணு தெரியலங்கிறியா?" முணுமுணுத்தபடி சுவரில் தொங்கிய அளவுகோலை எடுத்து வந்தார். அவர் குனிவதற்குள் லெஸ்யா கல்லைக் காலால் தள்ளிவிட்டாள்.

"ஐயோ, கால் பட்டுருச்சு."

பச்சைப்பிள்ளைகூடச் செய்யாத காரியம். டோர்வால்ட் அவளையே பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அளவுகோலைச் சுவரில் மாட்டிவிட்டுப் பூட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான்.

மறுநாள் காலை கற்கள் பழைய இடத்திலேயே நின்றன. சுவரில் அளவுகோல் இல்லை. அது வளையத்தின் நடுவில், அளக்கத் தோதாக வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் காலடி இல்லை.

"அவ்வளவு அவசரமா உங்களுக்கு?" என்று வெறும் பனியைப் பார்த்துக் கேட்டு அழுதாள். பிறகு டோர்வால்டுக்குப் போன் போட்டாள்.

"வாங்கண்ணே. அளந்துடலாம்."