உப்பளத்தில் ஒரு ஹாக்கி கிளப்

யாரும் கேட்காத ஓர் ஆட்டத்துக்குக் கிளப் நடத்துகிறவன், ஆடுவதைவிட அது என்ன ஆட்டம் என்று விளக்கிச் சொல்வதில்தான் அதிகம் களைத்துப்போவான். சடுகுடு ஊரில் டென்னிஸ் சங்கம் வைத்துப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும். எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணத்தில் ஓர் உப்பளக் குத்தகைக்காரரிடம் குமாஸ்தா. காலேஜில் ஆடிய ஹாக்கி கையை விட்டுப் போகவில்லை. கிளப் தொடங்கி, மாவட்ட லீக்கில் பெயரும் கொடுத்துவிட்டேன். ஜெயிப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்கள்தான் இல்லை.

பதினோராவது ஆள்

ஒரு மாதம் அலைந்து உப்பளத் தொழிலாளர்களில் ஒன்பது பேரைச் சேர்த்தேன், என்னோடு பத்து. கோல்கீப்பர் மட்டும் கிடைக்கவில்லை. பந்தைக் கையில் வாங்கி அதன் கனத்தைப் பார்த்ததுமே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

எக்கியார்குப்பத்தில் முனுசாமி என்று ஒரு மீனவர் இருந்தார். அகலமான உடம்பு, எதற்கும் பதறாத ஆள். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய், "பின்னாடி ஒரு வலை இருக்கும். பந்து அதுக்குள்ள போகாம பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"எங்க பொழப்பே வலைக்குள்ள வர வெக்கறதுதான் சார். நீங்க வராம பாத்துக்கன்றீங்க. சரி, ஒரு மாறுதலா இருக்கட்டும்."

மிதித்த தரை

ஊரில் இருந்த ஒரே திடல் சடுகுடுக்காரர்களுடையது. மழைக்காலம் முடிந்த சமயம் அது. உப்பளத்தின் உள்வரப்புகளை மழை கரைத்துவிட்டிருந்ததால் ஏழெட்டுப் பாத்திகள் சேர்ந்து ஒரே வெட்டவெளியாகக் கிடந்தன. உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்று அந்தத் தரையை மிதித்து இறுக்குவார்கள். முதலாளியிடம் அனுமதி வாங்கி அங்கேயே பயிற்சியை ஆரம்பித்தோம். கல் மாதிரி தரை. பந்து பறந்தது.

மூன்றாம் நாள், மிதிக்கிற பெண்களுக்குத் தலைவியான அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் ஒதுங்கினோம். அவள் குனிந்து, நாங்கள் ஓடிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஏம்பா, நடுவுல நாங்க மிதிச்சாச்சு. ஓடறது ஓடறீங்க, அந்த ஓரத்துல ஓடுங்களேன்."

பஸ்ஸில் கம்பு

முதல் வெளியூர் ஆட்டத்துக்குக் கடலூர் போக, முனை வளைந்த கம்புகளோடு பதினோரு பேர் பஸ் ஏறினோம். கண்டக்டர் கம்புகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஆடெல்லாம் அடுத்த பஸ்ஸுல வருதா?"

பெனால்டி

கடலூர் டீமில் எல்லோருக்கும் பூட்ஸ். எங்களில் நான்கு பேருக்கு இருந்தது. ஆனாலும் உப்புத் தரையில் ஓடிய கால்கள் புல்தரையில் சளைக்கவில்லை. முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டோம்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் செய்த தப்பால் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அவர்களுடைய கேப்டன் அடித்தார். முனுசாமி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பந்து நேராக அவர் வயிற்றில் மோதி விழுந்தது. ஜெயித்துவிட்டோம்! அம்பயரே அவரிடம் வந்து கைகுலுக்கி, பந்து எந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"தெரிஞ்சிருந்தா நகந்துட்டிருப்பேனே சார்!"

ஒரு நாள் தண்ணீர்

சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், அதே உப்பளத் தரையில். ஜெயித்தால் மேல் டிவிஷன். அன்று காலை முதலாளி பாத்திகளில் தண்ணீர் விடச் சொல்லிவிட்டார். வெயில் அப்படிக் காய்ந்தது. அவர் மேலும் தப்பில்லை. வெளியூர் டீம் பஸ் ஏறிவிட்டிருக்கும். ஓடிப்போய்க் கேட்டேன்.

"குமாஸ்தா வேலையா, கிளப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான் முதலாளி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் சிவந்தது.

அந்த நேரம் அஞ்சலை வந்தாள். "தரை இன்னும் இறுகல முதலாளி. இன்னைக்குத் தண்ணி உட்டா உப்புல சேறு ஏறிடும். நாளைக்கு உடுங்க" என்றாள். தரை விஷயத்தில் அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. நாளைக்கே தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். வரப்பெல்லாம் கூட்டம், ஒரே விசில். முனுசாமியைத் தூக்க முயன்று முடியாமல் என்னைத் தூக்கினார்கள். கீழே இறங்கியதும் அஞ்சலையிடம் போய், எங்களுக்காகப் பொய் சொன்னதற்கு நன்றி என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய்யா? கோல் பக்கத்துத் தரையெல்லாம் உங்க ஆளுங்க பேத்துப் போட்டுட்டாங்க, நெஜமாவே இறுகல. நாளைக்குக் காலைல நீயும் வந்து மிதி!"

ஐந்து சீசன் அந்தக் கிளப்பை நடத்தினேன். ஹாக்கி என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிவரை தெரியாது, மரக்காணம் அதில் ஜெயிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.