நாரத்தங்காயோடு பினாங்குக்குப் போனது

நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். ஆனால் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது அங்கிருந்த பையன், "மாஷிமா, கையெழுத்துப் போட வருமா?" என்று சித்தி முறை வைத்து வங்காள மொழியில் கேட்டான். "பேனாவைக் கொடு" என்றேன்.

என் மகன் பினாங்கில் வேலை பார்த்தான். போன வருஷம் அங்கேயே இறந்துவிட்டான். மருமகளும் பேத்தியும் போய்க் காரியத்தை முடித்து, சாம்பலை அங்கே கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். என்னிடம் அப்போது பாஸ்போர்ட் இல்லை. இங்கே டாலிகஞ்ச் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்க்காததால் எனக்கு அவன் செத்ததாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அவன் போன் பண்ணுகிற வழக்கம். அந்த நேரத்துக்குப் போன் பக்கத்தில் போய் உட்கார்வேன். அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவதுபோல இருக்கும்.

இதைப் பேத்தி பார்த்துவிட்டாள். "வா பாட்டி, நேர்லயே போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றாள். கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிவந்தாள். தமிழ் அவளுக்குப் பேச வரும், படிக்க வராது. அப்பாவை வங்காளத்தில் பாபா என்றுதான் சொல்வாள்.

"பாபா இருந்த ஊரை நீ எப்படிப் பார்த்தேன்னு எனக்கு வேணும். தினம் எழுது."

"எழுதி? யார் படிக்கிறது?"

"நீயே படிச்சுக் காட்டு. ரொம்பத்தான் பந்தா பண்ணாதே."

பினாங்கில் இறங்கினதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். புடவைகளுக்கு நடுவே நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டில். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கி நானே போட்டது. எங்கள் வீட்டில் அதைத் தின்கிறவன் அவன் ஒருவன்தான். பேத்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு புடவையில் சுற்றி வைத்துப் பெட்டியை மூடினாள்.

அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: 'கூட்டிப்போக அவன் வரவில்லை.'

மறுநாள் அவன் குடியிருந்த மாடிவீட்டைத் தெருவிலிருந்து பார்த்தோம். இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கொடியில் நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்தது. அவனிடமும் அப்படி ஒன்று உண்டு. காற்றில் அது கையைத் தூக்கியது.

சாயங்காலம், "படி பாட்டி" என்றாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். "சட்டை இருக்கிறது. அவன் இல்லை" என்று படித்தேன்.

"அவ்வளவுதானா? ஊரையே பார்க்கலையா நீ? பாபாவைத் தேடிக்கிட்டா இருக்கே?"

"வேற எதுக்குடி வந்தேன்?"

மறுநாள் காலையில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அலை சின்னதாக இருந்தது. ஒரு பாறையைக் காட்டினாள்.

"இங்கதான் பாட்டி. நான்தான் என் கையால கரைச்சேன்."

அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலில் அவனுடைய அகல நகம். அவனைக் கடைசியாகத் தொட்ட கை. அதை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் தயிர் சாதத்துக்குப் பாட்டிலைத் திறந்தேன். "எனக்கும் போடு" என்று கையை நீட்டினாள்.

"கசக்கும்டி."

முகத்தைக் கோணிக்கொண்டே தின்றாள். "இதையா பாபா ஆசையாத் தின்னார்? சரியான பாகல், பைத்தியம்!" என்று சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: 'மகன் இந்தக் கடலில் இருக்கிறான். பேத்தி கரைத்தாள். இடத்தைப் பார்த்தேன்.' அதற்குப் பிறகு அதில் எழுதவில்லை.

வீடு திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பக்கத்தில்தான் உட்கார்கிறேன். எடுப்பதில்லை. மீதி ஊறுகாய் அடுக்களையில் இருக்கிறது, குறைந்துகொண்டே வருகிறது. பேத்தியைக் கேட்டால், "ச்சீ, நான் தொடலை" என்கிறாள். ஆனால் விரலில் நாரத்தை வாசனை. அந்த வாசனையோடு, அவனே வந்ததுபோல, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள். நான் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை.