இகுவானா கொடுத்த உத்தரவு

சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் வெள்ளியங்கிரி தங்கமான மனிதர். வெளியாள் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், சொந்தமாக ஒரு முடிவும் எடுக்கமாட்டார். புதுத்தறி வாங்குவதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் கோயிலில் போய்க் கும்பிட்டு நிற்பார். சுவரில் கவுளி, அதாவது பல்லி, சத்தம் கொடுத்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை நிற்பார். நடை சாத்த முடியாமல் பூசாரி சாவியோடு தவிப்பார்.

எதிர்வீட்டுக்காரர் வெளிநாட்டு நாய் வாங்கியதும் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. கோயமுத்தூர் போய் ஒரு பச்சை இகுவானாவைக் காரில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். பல்லி இனம்தான், ஆனால் அயல்நாட்டுப் பிறப்பு. ராசு என்று பெயர். வந்த விருந்தாளியை லேசில் விடும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. முட்டை, கறிக்குழம்பு, நெய்ச்சோறு என்று ஊட்டியதில் ராசு சுருண்டு விழுந்தது.

மகள் இளவேனில்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது இலைதழை தின்கிற பிராணி, கறியும் முட்டையும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சத்தம் போட்டார். அன்றிலிருந்து கீரையும் செம்பருத்தியும் நறுக்கிப் போடுவது, காலை வெயில் காட்டுவது, கூண்டில் புற ஊதா விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள் பாடு. ராசு தேறியது. பெருமை முழுக்க அப்பாவுக்கு.

"கவுளிக்கே அண்ணனுங்க இது. ஊட்டுலயே இருக்கறப்ப எதுக்குங்க கோயிலுக்கு அலையோணும்?" என்பார் வருகிறவர்களிடம். கூண்டருகே போய் எதைக் கேட்டாலும் ராசு தலையை மேலும் கீழும் ஆட்டும். ஒருமுறைகூட மறுத்ததில்லை. இவ்வளவு அனுசரணையான சாமி யாருக்குக் கிடைக்கும்?

இந்த நேரத்தில் சத்தியமங்கலத்திலிருந்து இளவேனிலுக்கு வரன் வந்தது. தோட்டம் துரவு உள்ள இடம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று அவள் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இளவேனில் முடியாது என்றாள். வெள்ளியங்கிரி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கூண்டு முன் நின்றார்.

"இந்தச் சம்பந்தத்த முடிச்சுப்போடலாமுங்களா?"

ராசு வேகமாகத் தலையாட்டியது. தாடைக்குக் கீழே தொங்கும் தோலையும் விரித்துக் காட்டியது.

"பாத்தியா அம்மணி, ராசே சொல்லீருச்சு. நாளைக்கே பேசி முடிச்சறலாம்."

இளவேனில் கூண்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அது சரீன்னு சொல்லலீங்கப்பா. நீங்க கிட்டப் போனா அதுக்குப் புடிக்கல. என்ற எடத்துல உனக்கென்ன வேலைன்னு வெரட்டுது. கோவம் வந்தா அது இப்படித்தான் மண்டைய ஆட்டும்."

வெள்ளியங்கிரி சிரித்தார். "கோவத்துல யாராச்சும் மண்டைய ஆட்டுவாங்களா கண்ணு? உங்கம்மா இருக்கறா, கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நான் எதச் சொன்னாலும் ஆட்டுவா. கோவத்துலயா ஆட்டறா?"

சமையலுக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பங்காரம்மாவின் கை நின்றது.

"ஆமாங்க" என்றாள்.

"எதுக்கு ஆமாங்கற?"

"கோவத்துலதானுங்க ஆட்டுனேன்."

வெள்ளியங்கிரி கூண்டைவிட்டு ஓரடி தள்ளி நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "சத்தியமங்கலத்துக்காரங்களுக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போடட்டுமா?"

பங்காரம்மா தலையாட்டினாள். அவர் இன்னும் ஓரடி தள்ளிப்போனார்.

"மண்டைய ஆட்டாத பங்காரு. வாயத் தொறந்து சொல்லு."

சொன்னாள். சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சத்தியமங்கலம் வேண்டாம் என்பது அதில் முதல் வரி மட்டும்தான்.