வடமதுரை சிவந்த ஞாயிற்றுக்கிழமை

ரெஜினா மேடம் தவறிவிட்டார் என்று காதர் போனில் சொன்னபோது, "எந்த ரெஜினா?" என்று கேட்டுவிட்டேன். நமக்குத் தெரிந்தவர் ஒரே ரெஜினாதான். மனசு ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டுக்கல் தலைமை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வடமதுரை, வத்தலக்குண்டு, சின்னாளப்பட்டி என்று மூன்று ஊர்களில் நம் நூற்பாலைகள். எங்கே நெட்வொர்க் அறுந்தாலும் எங்கள் திரையில் அந்த ஊர் பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். அந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேரை முதலில் ஓடவைத்தவர் அவர்தான். ஒரு மழைநாளில் வத்தலக்குண்டு சிவந்ததும், அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியுமுன் போனைப் போட்டு, "உங்க நெட்வொர்க் போயிருச்சு, தெரியுமா?" என்றார், பேரன் பிறந்த சேதி சொல்வதுபோல. வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கும் கேட்டது. எந்தச் சேதியும் அவர் வயிற்றில் தங்காது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அந்த சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வந்தது. சர்வரில் மூன்று பாகங்களை மாற்ற வேண்டும்: தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ், மில்களைக் கேட்டுக்கேட்டுத் தகவல் சேகரிக்கும் பாகம், பச்சையும் சிவப்பும் காட்டும் திரை. இதில் சொதப்பினால் வேலையைச் சென்னைக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படிக் கொடுத்தால் நான், ரெஜினா, காதர், செல்வம் நால்வருமே வீட்டுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேரே வந்தார் ரெஜினா. டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. மற்ற இரண்டும் என் பொறுப்பு. மதியத்துக்குள் மூன்று ஊரும் பச்சை. நான் மேனேஜரைக் கூப்பிட்டு, "முடிஞ்சிருச்சு சார்" என்றேன். காதரும் செல்வமும் பிரியாணி வாங்கக் கிளம்பினார்கள். ரெஜினா மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"சேகர், பச்சையா இருக்குன்னா எனக்குப் பத்தாது. சிவக்குதான்னு பாக்கணும்."

வடமதுரை மில் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். "அண்ணே, அந்த நெட்வொர்க் வயரைச் செத்த நேரம் பிடுங்கிப் போடுங்க."

"பிடுங்கிட்டேன்மா!"

பச்சை. ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்போதும் பச்சை. தகவல் சேகரிக்கும் பாகம் காலையிலேயே நின்றுபோயிருந்தது. திரை பழைய தகவலையே காட்டிக்கொண்டிருந்தது. ரெஜினாவின் கண்களில் அப்படியொரு ஒளி! "மாட்டுச்சு பாருங்க! இன்னைக்கே மாட்டுச்சு!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். டேட்டாபேஸுக்கு வைத்த புதிய பாஸ்வேர்டு அந்தப் பாகத்தில் ஏறவில்லை. அதைப் போட்டு மறுபடி ஓடவிட்டோம்.

"மேனேஜர்ட்ட இன்னும் முடியலன்னு சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

சொன்னேன். "ஏன்?" என்று மேனேஜர் கத்தினார். ரெஜினா போனை வாங்கி, "ஒரு பாஸ்வேர்டு விட்டுப்போச்சு சார், போட்டாச்சு. நாளைக்கு நீங்களே வந்து ஒரு வயரைப் பிடுங்கிப் பாருங்க" என்று சொல்லி வைத்தார். வைத்த கையோடு, வயர் பிடுங்கியே கிடந்த வடமதுரை சிவந்தது. "செவந்துருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில், பிரியாணிப் பொட்டலத்தோடு படியேறி வந்த காதர் பதறிப்போனார். "என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணு விட்டுப்போச்சு, கண்டுபிடிச்சாச்சு. பொட்டலத்தைப் பிரிப்பா!"

மறுநாள் மேனேஜர் பிடுங்கிப் பார்த்தார், சிவந்தது. நம் வேலை நிலைத்தது.

டேட்டாபேஸ் அவர் கையில் இருந்ததால், விட்டது ரெஜினாதான் என்று மேனேஜர் முதல் நீங்கள் வரை எல்லோரும் நினைத்தீர்கள். "அக்கா, பாஸ்வேர்டு போட்டாச்சா?" என்று காதர் வருஷக்கணக்காக அவரைக் கிண்டலடித்தார். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்தேன்.

அவர் அந்தப் பாஸ்வேர்டை அன்று காலையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். அவசரத்தில் போட மறந்தவன் நான். எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னவர் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மௌனம்தான். அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. காதர், அது நான்.