கோல்கம்பத்தடியில் இரண்டு கொடிகள்

அயர்லாந்துக்காரரின் கேலிக் உதைபந்தாட்டத்தில் கொடி பிடிக்கிறவன் ஓடத் தேவையில்லை, பந்தைத் தொடத் தேவையில்லை, ஆனால் திட்டு முழுக்க அவனுக்குத்தான். 'ஓம்' என்று தலையாட்டிவிட்டுப் பிறகு என்ன வேலை என்று விசாரித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு விளங்கும்.

வெள்ளை அங்கி

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், பார்க்டேல் பகுதியில் ஓர் ஐரிஷ் உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளியின் பெயர் பற்றிக்; தங்கள் ஆட்களின் விளையாட்டுக் கழகம் ஒன்றுக்குச் செயலாளரும்கூட. ஒரு ஞாயிறு அவருடைய கொடிக்காரர் வரவில்லை. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், இறைச்சிக்கடைக்காரர் போடுவது போன்ற வெள்ளை அங்கியை மாட்டி, கோல்கம்பத்தடியில் நிறுத்தினார். பந்து வலைக்குள் போனால் பச்சைக் கொடி, மூன்று பொயின்ற். இரண்டு கம்பத்துக்கும் நடுவால், குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் வெள்ளைக் கொடி, ஒரு பொயின்ற்.

எல்லாம் விளங்கியது. ஆனால் சின்ன வயதிலிருந்து பார்த்த உதைபந்தாட்டம் லேசில் விடுமா? எங்கள் ஆள் அடித்த பந்து சட்டத்துக்கு மேலால் பறந்ததும், 'அநியாயம், அவுட்' என்று எதிரணிக் கோல்காப்பாளருக்குக் கைகாட்டினேன். செந்தாடிக்காரரான அவர் மறுபேச்சில்லாமல் பந்தை எடுத்து அடித்துவிட்டார். ஒரு பொயின்றால் தோற்றோம். பற்றிக்கின் ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் விழுந்தது: "ஐசே, கொடி தந்தது ஆட்டுறதுக்கு, பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கில்லை."

ஒரு ஆள் குறைவு

அந்தக் கழகத்தைத் தொடங்கியவர்கள் கட்டட வேலைக்கு வந்த அயர்லாந்து இளைஞர்கள். ஒருகாலத்தில் இரண்டு அணி இறக்கினார்களாம். இப்போது ஊரில் நல்ல வேலை கிடைக்கிறது என்று ஒவ்வொருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத்தின் கடைசிப் போட்டி வந்தது. எதிரே அதே செந்தாடிக்காரரின் அணி. வென்றால் அடுத்த வருடமும் லீக்கில் இடம், தோற்றால் கழகத்தை மூடவேண்டியதுதான். அன்று காலை பார்த்தால் பதினைந்து பேருக்குப் பதினாலு பேர்தான்.

பற்றிக்கின் முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. முதல் தோல்வி என் தலையில் அல்லவா? ஓடிப்போய் என் அறைத்தோழன் சிவத்தைக் கூட்டிவந்தேன். யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில், வலைக்கு மேலால் கையால் பந்தடித்து விளையாடியவன். பற்றிக் கேள்வியே கேட்காமல் பெயரைப் பதிந்தார். சிவம் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். "அண்ணை, உதுக்கு நடுவிலை நெற் கட்ட மறந்திட்டினமோ?"

கடைசி நிமிடம்

சிவத்துக்கு உதைக்கவும் வரவில்லை, பந்தைக் கையில் பிடித்தபடி நாலு காலடிக்கு மேல் ஓடக்கூடாது என்பதும் நினைவில் நிற்கவில்லை. மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடியதால் கடைசி நிமிடம்வரை சமமாகவே வந்தோம். அப்போது, அன்றும் கொடியோடு நான் நின்ற செந்தாடிக்காரரின் கோலடிக்கு ஒரு பந்து உயரமாக வந்தது. சிவம் எழும்பினான் பாருங்கள், எழும்பிக் கையைப் பொத்தி ஒரு குத்து. இந்த விளையாட்டில் குத்தலாம். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவால், சட்டத்துக்கு மேலால் போனது.

துள்ளினேன், கத்தினேன், கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். மத்தியஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொடி ஏறாமல் பொயின்ற் இல்லை. தூரத்தில் பற்றிக் தலையில் கைவைத்தபடி ஏதோ கத்துகிறார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செந்தாடிக்காரர்தான் குனிந்து, புல்லில் கிடந்த வெள்ளைக் கொடியை எடுத்து என் கையில் திணித்தார். "பிடி, ஆட்டு. போனதரமே நான் சொல்லியிருக்கவேணும்."

அடுத்த வருடமும் லீக்கில் ஆடிய அந்தக் கழகத்தின் வரலாற்றில் என் பங்கு, கொடியை ஆட்டாமல் இரண்டு தரம் நின்றதுதான்: ஒருதரம் தெரியாமல், ஒருதரம் சந்தோஷத்தில்.