வீடு பாதி, மட்டம் பாதி

ஜனீன் ஓல்ட்ராய்ட் முப்பத்து நான்கு வயதுக்குள் போராடி வென்றவை: 1992 செப்டம்பரில், நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் மாலைநேரத் தச்சு வகுப்பில், இருபத்தொரு ஆண்களுக்கு நடுவே ஓர் இடம். பகலெல்லாம் மிட்டாய்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிவிட்டு, நான்கு வருடம் அந்த வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போனது. முடிவில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் இப்போது கார் விற்கிறான். இடது சுட்டுவிரலின் நுனியை இயந்திர ரம்பம் தின்ற பிறகும் அதே ரம்பத்தை மறுபடி தொட்டது. அதற்கு மூன்று வாரம் பிடித்தது, அவள் ஒரு வாரம் என்பாள். அண்ணன் ரேயின் கார்க் கொட்டகை. அதில் அவளுடைய வேலைமேசை நின்றதால் ரேயின் கார் ஐந்து குளிர்காலம் வெளியே நனைந்தது.

இவ்வளவும் வென்றவள் சேப்பல் தெருவில் ஓர் அறையிடம் தோற்கப் பார்த்தாள்.

அந்த அறை ஹெட்லி சக்டனுடையது. பகலில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, மாலையில் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் வாசகசாலையை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர். சுரங்கம் மூடி, பின்னாலேயே மன்றமும் மூடியபோது, குப்பைக்குப் போகவிருந்த அறுநூற்று நாற்பது புத்தகங்களைத் தள்ளுவண்டியில் பதினோரு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று வருடமாக அவை வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. நெருப்பு மூட்டும் கணப்பின் இரண்டு பக்கமும் சுவர் உள்வாங்கியிருக்கும் அல்லவா, அங்கே கீழே கதவு வைத்த அலமாரி, மேலே புத்தகத் தட்டுகள், எல்லாம் பச்சை வண்ணத்தில், சுவரோடு பிறந்தது போல வேண்டும் என்றார். ஜனீன் தனியாக ஏற்ற முதல் வேலை அது.

தொழிற்சாலையில் சம்பளமில்லாமல் இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருந்தாள். இரண்டாவது வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்காவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். தெருக்கோடியில் நின்ற சேப்பல் என்னும் சிறு தேவாலயத்தால் பெயர் பெற்ற சேப்பல் தெருவில் நாற்பத்து நான்கு வீடுகள். எல்லாவற்றிலும் அதே கணப்பு, அதே இரண்டு சுவர்ப்பள்ளம். ஹெட்லி சரி என்று சொன்னால் போதும், தெருவே அவளைக் கூப்பிடும். இல்லையென்றால் திங்கட்கிழமை மிட்டாய்தான்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. ரொட்டி விநியோகம் முடித்த ரே, வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். ஹெட்லி தன் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம்.

"கோணலா இருக்கு" என்றார்.

ஜனீன் ரசமட்டத்தை எடுத்து அலமாரியின் மேல்பலகையில் வைத்தாள். "குமிழியப் பாருங்க, மிஸ்டர் சக்டன். நட்ட நடுவுல நிக்குது."

"குமிழியா வந்து இந்த நாற்காலியில உக்காரப் போகுது? நான்தானே உக்காரப் போறேன்."

அடுத்த வீட்டு டோரீன், கேட்காமலே தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். அந்தத் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டை இறக்காமலே அலமாரியைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, இத கப்பல்ல உக்காந்து செஞ்சியா?"

"டீய வச்சுட்டுக் கிளம்பு, டோரீன்" என்றான் ரே.

"கிளம்புறேன், கிளம்புறேன். தலையக் கொஞ்சம் சாச்சுப் பாத்தா நேராத்தான் இருக்கு."

ஜனீன் ஒரு வாழைப்பழப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. டோரீன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. ரேயின் கண்ணுக்கும் கோணல் தெரிந்தது. இரண்டு அலமாரிகளும் சேப்பல் பக்கத்தில் சுவரை விட்டுக் கிளம்பி எழுந்து நிற்பது போல இருந்தன.

"ரெண்டு தடவ அளந்தேன் ரே."

"மூணு தடவ. நான்தான் பாத்தேனே."

ரே அளவு டேப்பை எடுத்தான். எதையும் இன்னொரு முறை அளக்காமல் அவனால் விட முடியாது. அவள் சுவரில் கிழித்திருந்த மட்டக் கோட்டிலிருந்து மேலே, படம் மாட்டும் கட்டைவரை, எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்தான். இடது சுவரோரம் 412 மில்லிமீட்டர். வலது சுவரோரம், சேப்பல் பக்கம், 374. முப்பத்தெட்டு வித்தியாசம். கணப்பின் மேல்பலகையை அளந்தான், தரையை அளந்தான். எல்லாமே ஒரே பக்கம், ஒரே சரிவில் இறங்கிப் போயின.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த டேப் சரசரவென்று தானாகச் சுருண்டது.

1971 வசந்த காலம். அவனுக்குப் பத்தொன்பது வயது. முந்நூறு மீட்டர் ஆழத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்தபோது, இப்போது நாம் சேப்பலுக்கு நேர் கீழே இருக்கிறோம் என்று நில அளவையாளர் சொன்னார். உடனே ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றினான், இன்னொருவன் கரகரத்த குரலில் துதிப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான், முப்பது பேரும் சிரித்தார்கள். கரியை எடுத்தபின் முட்டுகளை உருவி, பின்னால் கூரையை விழவிடுவது வழக்கம். ஒரு வருடம் கழித்து மேலே தெரு மெல்ல இறங்கியது. ஊரில், தரையில் இடிக்கிறதென்று கீழ்விளிம்பை இழைக்காத கதவு ஒன்றுகூட இல்லை. ஆனால் அது எல்லாருக்கும் எப்போதோ மறந்துபோயிருந்தது. ஜனீன் தச்சு படித்ததோ நகரத்தில். அங்கே யாரும் எதையும் கீழே தோண்டியதில்லை. அந்த ஊர் ரசமட்டத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இது நான் பண்ணினது" என்றான் ரே.

"எது?"

"கீழ இருந்தத நான்தான் எடுத்தேன். எழுபத்தொண்ணுல."

"நீ மட்டுமா எடுத்த?" என்றார் ஹெட்லி. "நானும்தான் எடுத்தேன். அப்போ கட்டில் ஒரு பக்கம் இறங்கிடுச்சுன்னு காலுக்குக் கட்டை வச்சேன். ரெண்டு வருஷத்துல அதையும் எடுத்துட்டேன். பழகிப்போச்சு."

ஜனீன் தலையைத் தூக்கினாள். "அப்போ இந்த வீட்டுல எல்லாமே சாய்வு. நான் வச்சது மட்டும்தான் நேரு."

"அதான் கோணலாத் தெரியுது" என்றார் ஹெட்லி, ரொம்ப நியாயமாகப் பேசுகிறவர் போல.

"அப்போ வீட்டோட சரிவுக்கே மாட்டிடு" என்றான் ரே.

"மாட்டிட்டா? கதவு தானாத் திறந்துக்கும். புத்தகமெல்லாம் சேப்பல் பக்கம் சாஞ்சு கும்பிடும்." எழுந்து கணப்பின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "பாதிதான் விட்டுக்குடுக்கணும். வீடு பாதி, மட்டம் பாதி. எந்தப் பாதின்னு உக்காந்து பாத்தாத்தான் தெரியும். மிஸ்டர் சக்டன், எழுந்திரிங்க."

ஹெட்லியின் நாற்காலியில் ஹெட்லியைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

அவள் அதில் உட்கார்ந்து அவர் போலவே முதுகைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு வெள்ளை நூலின் ஒரு முனையை ரேயிடமும் மறுமுனையை ஹெட்லியிடமும் கொடுத்து, அறையின் குறுக்கே சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். ஹெட்லியின் முனை மட்டக் கோட்டிலேயே நின்றது. சேப்பல் பக்கம் நின்ற ரேயின் முனைதான் நகர வேண்டியது.

"கீழ வா ரே. இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, ரொம்பப் போயிட்ட. மேல. மேலன்னா மயிரிழை. மூச்சு விடாத, நூல் ஆடுது. அங்கதான். குறிச்சுக்கோ."

ரே பென்சிலால் குறித்தான். நூலை விட்டான். தன்னை அடக்க முடியாமல், மட்டக் கோட்டிலிருந்து குறிவரை டேப்பை வைத்துப் பார்த்தான்.

பத்தொன்பது.

மறுபடி வைத்தான். பத்தொன்பதேதான். முப்பத்தெட்டில் சரிபாதி, அரை மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் அளந்தபோது சொன்ன எண்களை அவள் கேட்டதாகவே தெரியவில்லை. கேட்டிருந்தாலும் நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு நூலில் எண் எழுதியா இருக்கும்? முப்பது ஆண்கள் ஒரு வருடம் முழுக்கப் பூமிக்கடியில் செய்ததை, அவன் தங்கை ஒரு நூலைப் பார்த்துப் பாதியாக நறுக்கிவிட்டாள். ரே தானாகவே நிமிர்ந்து நின்றான். சேப்பலில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது நிற்கிற மாதிரி.

"எவ்வளவு?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றான். டேப்பைப் பைக்குள் போட்டான்.

வெள்ளி விடிந்ததிலிருந்து வேலை. திருகாணிகளைக் கழற்றி, இரண்டு அலமாரிகளையும் வெளியே இழுத்தாள். அடியில் ஆப்பு வைத்துப் புதிய சரிவில் நிறுத்தினாள். எட்டுக் கதவுகளையும் கொட்டகைக்குக் கொண்டுபோய் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இழைத்தாள், ஒரு முனையில் ஒன்றுமில்லை, மறுமுனையில் இரண்டரை மில்லிமீட்டர். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே வரும் பட்டையை, சிறு கட்டையில் பென்சிலை வைத்துச் சுவரை ஒட்டியே மேலிருந்து கீழே ஓட்டி, சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே அதன்மேல் வரைந்து, அந்தக் கோட்டிலேயே அறுத்தாள். பட்டையை வைத்து அழுத்தியதும் அது சுவருக்குள் உட்கார்ந்தது. ரே ஒரு சிகரெட் தாளை இடுக்கில் செருகிப் பார்த்தான். போகவில்லை. இன்னோர் இடத்தில் செருகிப் பார்த்தான்.

"திருப்தியா?" என்றாள்.

"சும்மா பாத்தேன்."

பலகையின் வெட்டு விளிம்பு தண்ணீரைப் போல வண்ணத்தைக் குடித்துவிட்டுப் பூனை முடி மாதிரி சிலிர்த்துக்கொள்ளும். அதனால் இழைத்த விளிம்புகளுக்கெல்லாம் நீர்க்கக் கரைத்த அடிப்பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி பூச்சு, மறுபடி உப்புத்தாள். ரே தானும் ஒரு தூரிகையை எடுத்தான்.

"உள்பக்கம் நீ அடி" என்றாள்.

"வெளிப்பக்கம்?"

"உன் ரொட்டி வேனுக்கு நீ அடிச்ச பெயிண்ட நான் பாத்திருக்கேன். உள்பக்கம் அடி."

பச்சை வண்ணம் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் பதினாறு மணி நேரம் கேட்டது. டப்பாவில் அச்சிட்டிருந்ததை ரே இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டான். முதல் பூச்சு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. அடுத்தது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஒவ்வொரு கதவிலும் அவளுடைய கடைசி இழுப்பு கீழிருந்து மேலே போய், விளிம்பில் காற்றில் முடிந்தது. ஒரு மயிர்த்தடம்கூட நிற்கவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஹெட்லி தன் தங்கை வீட்டு விருந்திலிருந்து திரும்பினார். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். ஜனீன் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டாள்.

ரே அவரைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தான். இரண்டு பச்சை அலமாரிகளுக்கு நடுவே அறை அமைதியாக நின்றது. அதைச் சொல்ல அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக யாருக்கும் தெரியாமல் சறுக்கிக்கொண்டிருந்த ஒன்று நின்றுவிட்டது போல இருந்தது.

"கணப்ப நிமித்திட்டியா?" என்றார் ஹெட்லி.

"இல்லையே. கணப்ப நான் தொடவே இல்ல, மிஸ்டர் சக்டன்."

"அது நேரா நிக்குதே."

"அது எப்பவும் நின்ன மாதிரிதான் நிக்குது."

அவர் எழுந்துபோய்க் கணப்பின் மேல்பலகையைக் கையால் தடவினார். தரையைக் குனிந்து பார்த்தார். மறுபடி நாற்காலிக்கு வந்தார். உட்கார்ந்து இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, கோட்டோடே, ஒரு வாழைப்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் ஜனீன்.

"புத்தகம் அடுக்கப் போறேன். வழிய விடு பொண்ணே."

"இன்னும் ஒரு வாரத்துக்கு ஒண்ணும் வைக்கக் கூடாது. பெயிண்ட் இறுகணும். இப்ப வச்சா அட்டையெல்லாம் ஒட்டிக்கும்."

"மூணு வருஷம் பெட்டியில வச்சிருந்தேன்."

"அப்போ ஒரு வாரம் உங்களுக்குப் பெரிசில்ல."

ஹெட்லி பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றார். ரே அவர் கண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குள் டோரீன் வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தாள், வலது பக்கம் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிப் பாத்தாலும் நேரா இருக்கே" என்றாள், ஏமாந்தவள் போல. "எங்க வீட்டு அளவ எப்ப எடுக்க வர்ற? இவருதவிட ஒரு தட்டு கூட வேணும், சொல்லிட்டேன்."

"நாளைக்கு" என்றாள் ஜனீன்.

"நாளைக்குத் திங்கட்கிழமையாச்சே" என்றான் ரே.

"தெரியும்."

அலமாரியின் அடிப்பட்டை மட்டும் பாக்கி இருந்தது. தரையை ஒட்டிய அந்த நீளப் பட்டையைத்தான் எப்போதும் கடைசியில் பொருத்துவார்கள். அதன் பின்னால், யார் கண்ணிலும் படாத சுவரில், வேலை செய்தவர் பெயரும் தேதியும் எழுதி மூடுவது தச்சர்களின் வழக்கம். இன்னொரு தச்சர் என்றைக்காவது அதைக் கழற்றினால்தான் தெரியும். ஜனீன் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. மற்ற தச்சர்களிடம் கூலிக்குச் செய்த வேலைகளில் அவர்கள் தங்கள் பெயரையே எழுதிக்கொண்டார்கள். அவள் காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்தாள், தரையில் பக்கவாட்டாகப் படுத்தாள், அலமாரிக்கு அடியில் கையை விட்டாள். எழுத்துகளுக்கு நடுவே அவள் நிறுத்தி நிறுத்தி எழுதுவது கேட்டது. ரே முழங்காலிட்டு டார்ச் அடித்தான்.

ஜனீன் ஓல்ட்ராய்ட், ஞாயிறு, 16 மார்ச் 1997.