அரைக் கிளாஸ் தண்ணீர்

1938 ஒக்டோபர் 12, புதன்கிழமை, காலை ஐந்து ஐம்பது. இரவு மழை விட்டு, வெள்ளவத்தைக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. குஞ்சியப்பா இறந்து முப்பத்தோராம் நாள். எனக்கு வயது ஒன்பது.

குஞ்சியப்பா, அம்மாவின் தங்கை குஞ்சியம்மாவின் கணவர், துறைமுகத்தில் கிளாக்கர். துரையிடம் கேட்ட இங்கிலீஷ் பேச்சொன்றை ஓயாமல் சொல்வார்: அரைக் கிளாஸ் தண்ணீரைப் பார்த்துப் பாதி நிறைந்திருக்கிறது என்பவன் நம்பிக்கைக்காரன், பாதி வெறுமை என்பவன் நம்பிக்கையற்றவன். மாத நடுவில் சம்பளம் கரைந்தாலும், "பாதி நிறைஞ்சிருக்கு" என்று சிரிப்பார். எனக்கு வெறுமையான பாதிதான் தெரியும். "உவன் பிறக்கேக்கையே கிழவன்" என்பார்.

நெருப்புக்காய்ச்சல் அவரை ஒன்பது நாளில் கொண்டுபோனது. முப்பத்தொரு நாளும் இறந்தவர் வந்து குடிப்பார் என்று, அவருடைய அறையில், அவர் உட்காரும் கதிரையில், இரவுதோறும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்கள். வேறெவரும் அதைத் தொடக்கூடாது. முதல் மூன்று காலையும் கிளாஸ் அப்படியே நிறைந்திருந்தது. குஞ்சியம்மா சோற்றைத் தள்ளிவிட்டார்.

"சாகேக்கை தண்ணி கேட்டவர். டொக்டர் சொன்னாரெண்டு அரைக் கிளாஸ்தானே குடுத்தனான். அந்தக் கோவம், அதுதான் வரேல்லை."

நாலாம் நாள் விடியுமுன் நான் போய்ச் சரியாகப் பாதி குடித்தேன். குஞ்சியம்மா கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, வந்திட்டுப் போயிருக்கிறார்! பாதி நிறைஞ்சிருக்கு!"

அன்று சாப்பிட்டார். "மெல்லமாச் சாப்பிடு பிள்ளை" என்று அம்மா அழுதார். அப்படி இருபத்தேழு காலை குடித்தேன். நாளுக்கு நாள் அந்தத் தண்ணீர் கூடுதலாகக் குளிர்ந்தது.

முப்பத்தோராம் நாள் அயர்ந்து தூங்கிவிட்டேன். பதறி ஓடினேன். கிளாஸ் சரியாகப் பாதியில் நின்றது. கதிரையில் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. கிளாஸின் விளிம்பில் மட்டும் ஈரம்.

நாற்பது வருடம் கழித்துக் குஞ்சியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"முதல் நாளே தெரியும். உன்ரை சட்டையெல்லாம் தண்ணி."

"தெரிஞ்சுகொண்டோ சாப்பிட்டனீங்கள்?"

"செத்தவரின்ரை தண்ணியை எனக்காண்டிக் குடிச்ச பிள்ளைக்கு முன்னாலை பட்டினி கிடக்கலாமோ?"

அந்த வயதில் எனக்கு இது விளங்கியிருக்கவில்லை. நான் அவரைத் தேற்றுவதாகத்தான் எண்ணியிருந்தேன்.

"அப்ப, கடைசி நாள் குடிச்சது நீங்கள்தானே?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "நீ எண்டெல்லோ நினைச்சனான்."

அப்போது எங்கள் இருவரையும் தவிர வீட்டில் இருந்தது அம்மா மட்டும். அவர் அந்த அறைப் படியையே மிதிக்கமாட்டார்.

நான் குடித்தது பதின்மூன்றரைக் கிளாஸ். கடைசி நாளின் அரையைக் குடித்தது யார் என்று தெரியாததால், இன்றுவரை எந்தக் கிளாஸிலும் பாதியை மீதம் வைக்கிறேன்.